சாமிக்குத் தெரியாத கம்ப்யூட்டர்

என் ஆசை மச்சான் சேகருக்கு,

இங்கே நான் எழுதப் போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. ஏழு மலையையும் சாட்சியாக நிறுத்தி, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நம்பவே மாட்டார்கள். சித்தூர் மாங்கூழ் பேக்டரியின் எடை மேடையில் முப்பது வருடம் லாரிகளை நிறுத்துப் பார்த்தவன் நான். இத்தனை பாரமான கதை அந்த மேடையில் ஒருநாளும் ஏறியதில்லை. நீ எதிரில் இருந்தால் பாதியிலேயே, "மச்சான், கொஞ்சம் லோடு இறக்கு" என்பாய். இப்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. அந்த வசதிக்காகத்தான் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கை கௌரி, நன்றாக இருக்கிறாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் நெட் சென்டரை இடத்துக்காரர் திருப்பிக் கேட்டார். எட்டு கம்ப்யூட்டரையும் எங்கே வைப்பது? ரயில் பாதை ஓரம் இருக்கும் நம் காலனியின் சமுதாயக் கூடத்தில் வைக்கலாம் என்றாள் கௌரி. நானே தூக்கிக்கொண்டு போனேன். அக்குளுக்கு இரண்டு, தலையில் ஒன்று, மிச்சத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு ஒரே நடை. அதைப் பார்த்துத் திருச்சானூர் வரைக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது. "அய்யே, ஆட்டோல வந்து எறங்குச்சி. இவரு ஒரு கீபோர்டு தூக்கிக்கினு வந்தாரு" என்று ராஜம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ அவளை நம்பாதே.

ராஜம்மாவை உனக்குத் தெரியும். லாட்ஜ்களுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுப்பவள். நம் காலனியில் வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. ஆனால் ஒரு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். "ஆதார் நம்பர்லருந்து எங்க ஊட்டுக்காரரு குடிக்கிறது வரைக்கும் கடைக்காரன்கிட்ட ஒப்பிக்கணும்ணா. பின்னால நாலு பேரு நின்னு கேட்டுக்கினு இருப்பாங்க" என்பாள். அதே ராஜம்மா இந்த வருடம் மகளுடைய ஹாஸ்டல் விண்ணப்பத்தைத் தானே உட்கார்ந்து போட்டாள். ஒற்றை விரலால், காலை முழுக்க. முடித்துவிட்டு எழுந்தபோது அவள் நடையே வேறு மச்சான். தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்குவது போல இருந்தது.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? கௌரி.

ஆமாம், நம் கௌரிதான். உன் கடையில் பதினெட்டு வருடம் டீ கொண்டுவந்து வைத்தாளே, தரை பெருக்கினாளே, அவள்தான். கை கொஞ்சம் கம்ப்யூட்டர் பக்கம் நீண்டால் நீ சொல்வாய், "தொடாத கௌரி, கெட்டுப்பூடும்." நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். ஏன் மச்சான் அப்படிச் சொன்னாய்? ஊரில் வந்தவன் போனவன் எல்லாம் தட்டித் தட்டி எழுத்தே அழிந்துபோன அந்தக் கீபோர்டு அவள் கை பட்டா கெட்டுப் போயிருக்கும்? சரி, அதை விடு. கூடத்துக்குச் சில மாதம் வந்து சொல்லிக் கொடுத்த ஒரு காலேஜ் பெண்ணிடம் கௌரி கற்றுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போனதும், கௌரியே டீச்சர் ஆகிவிட்டாள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. கூடத்தின் கமிட்டிக்காரர்கள் முகூர்த்த மாதம் நெருங்க நெருங்க முணுமுணுத்தார்கள். "டீச்சர்னா சர்டிபிகேட் ஒண்ணு இருக்கணும்மா. இருந்தா கம்ப்யூட்டரு இங்கயே இருக்கட்டும். இல்லன்னா மூட்ட கட்டிடு, எங்களுக்குப் பந்தி போட எடம் வோணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி நிறுவனம் ஒன்று ஆன்லைனில் தேர்வு வைக்கிறது. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். இந்த வருடம் ஒரே ஒரு வாய்ப்பு. கௌரி பெயர் கொடுத்தாள். அவள் தேறினால் கூடத்தில் இடம். தேறாவிட்டால் உன் எட்டு கம்ப்யூட்டரும் சாக்கில்.

எந்த நாள் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். "நீ சொல்லுண்ணா" என்றாள் கௌரி. நான் கண்ணை மூடி, கிரகங்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து விசாரித்து, அறிவித்தேன்: "ஆயுத பூஜை! அன்னிக்கு சரஸ்வதியே பக்கத்துல வந்து குந்திக்கினு பதில் சொல்லிக் குடுப்பா!" காலனியே கைதட்டியது. அந்தத் தட்டல் மூன்று நாள் ஓயவில்லை. கௌரி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த நாளையே பதிந்தாள்.

பூஜை அன்று காலை சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தேன். ஒரு லாரி குங்குமம், இரண்டு லாரி சந்தனம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பொட்டு, மாலை. கேமராதானே அதற்குக் கண், எனவே நெற்றி அதற்கு மேலேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்தேன். ஏழு கம்ப்யூட்டர் முடிந்தது. எட்டாவது கம்ப்யூட்டர் மூலையில் ஒரு பழைய துண்டு போர்த்திக் கிடந்தது. பாவம், யாரோ மறந்துவிட்டார்கள் என்று துண்டைத் தூக்கி, இருட்டில் நெற்றி எது கண் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாகக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்து, மறுபடி மூடினேன். என் கைப்பொட்டு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். பௌர்ணமி நிலா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் மலைக்குப் பின்னாலேயே இருந்தது.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாயில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாதே! தையற்காரன் அன்று மெஷினை மிதிக்க மாட்டான். படிக்கிற பிள்ளைகூட புத்தகத்தைப் பிரிக்காது. நானோ அதே நாளில், அதே கம்ப்யூட்டரில், பதினொரு மணிக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன்! அப்போது மணி பத்தே கால்.

"கௌரி!" என்று நான் கத்தியதில் ரேணிகுண்டாவில் ஒரு ரயில் தானாக நின்றது.

அவள் பதறவே இல்லை. "தெரியும்ணா. அதான் மூலைல ஒண்ண மூடி வெச்சிக்கீறேன்" என்றாள். பிறகுதான் சொன்னாள், நீயும் அவளும் மட்டும் அறிந்த அந்த ரகசியத்தை. வருடாவருடம் ஆயுத பூஜைக்கு ஒரு கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மறைத்துவிடுவாயாமே? மலைக்குப் போகிற ஜனம் தரிசன டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்து நிற்கும், அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு என்ன பூஜை என்பாயாமே? அதற்கு 'சாமிக்குத் தெரியாத கம்ப்யூட்டர்' என்று பெயர் வேறு. இத்தனை வருட மச்சானுக்கு இதைச் சொல்லவில்லையே நீ!

நான் மெதுவாகச் சொன்னேன். "கௌரி... சாமிக்குத் தெரிஞ்சிபோச்சி."

"இன்னாண்ணா சொல்ற?"

"நான் சொல்லிட்டேன். பொட்டு வெச்சி."

துண்டைத் தூக்கிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த காலனிப் பெண்களுக்குள் பெரிய விவாதம். பொட்டு வைத்தால் பூஜை ஆயிற்றா, ஆகவில்லையா? காசியிலிருந்து பண்டிதர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். தீர்ப்பு சொன்னது ராஜம்மாதான்.

"கற்பூரம் காட்டுனீங்களாண்ணா அதுக்கு?"

"இல்ல, மூலைல இருந்துச்சி, எட்டல."

"அப்பறம் இன்னா? பொட்டு வெச்சா பூஜையா? நானுங்கூடத்தான் பொட்டு வெச்சிக்கினு கீறேன், எவன் என்னைக் கும்புடறான்? நீ குந்து கௌரிக்கா."

கௌரி உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குத் திரையில் தேர்வை மேற்பார்வை பார்க்கும் அம்மாவின் குரல் தெலுங்கில் வந்தது. "மேடம், மீ மொகம் கனபடட்லேது. அந்தா எர்ரகா உந்தி." முகம் தெரியவில்லை, எல்லாம் சிவப்பாக இருக்கிறதாம். என் பொட்டு நெற்றியில் இல்லை மச்சான், நேராகக் கண்ணிலேயே இருந்தது. ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார்கள். அதற்குள் முகம் தெரியாவிட்டால் தேர்வு ரத்து.

நான் பாய்ந்து ஈர விரலால் துடைத்தேன். சிவப்பு ஆரஞ்சு ஆனது. சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. "நீ நவுருண்ணா" என்று கௌரி என்னைத் தள்ளினாள். மேலே கிடந்த துண்டின் ஒரு முனையை எடுத்தாள். கேமராக் கண்ணாடிக்கு மேல் வாய் வைத்து, 'ஹா' என்று ஊதினாள். வட்டமாகத் துடைத்தாள். மறுபடி ஊதினாள். உன் ஊதல் மச்சான், உன் துடைப்பு. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"இப்புடு கனபடுதுன்னாரு மேடம்" என்றது குரல். இப்போது தெரிகிறார்களாம்.

கேள்விகளை எல்லாம் அவள் துவைத்துக் காயப்போட்டாள். அவள் தட்டிய வேகத்தில் கூடத்து மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கடைசியாக ஒன்று மிச்சம்: கம்ப்யூட்டரைத் தொட்டே இராத ஒருவருக்குத் தன் பெயரை அடித்து பிரிண்ட் எடுக்கக் கேமரா முன் சொல்லிக்கொடுக்க வேண்டும். வருவதாகச் சொல்லியிருந்த பூக்காரம்மா பண்டிகைக்குக் காளஹஸ்தி போய்விட்டாள். கௌரி சுற்றிப் பார்த்தாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் அவளிடம் படித்தவர்கள்.

"தொடாதவரு இந்தக் கூடத்துல ஒருத்தருதான் கீறாரு" என்று ராஜம்மா என்னைக் காட்டினாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். எடை மேடைக்குக் கம்ப்யூட்டர் வந்த மாதம்தான் நான் வேலையை விட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சித்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் கை மேலே எழவே இல்லை. முப்பது டன் லாரிக்குக் கொடி காட்டிய கை, மடியிலேயே உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே போயிருந்தால் கூடத்து இடம் போய்விட்டிருக்கும்.

கௌரி குனிந்து என் காதருகே சொன்னாள். "தொடுண்ணா. கெட்டுப்போனா நான் பாத்துக்கறேன்."

தொட்டேன். கோவிந்தன் என்று என் பெயர் திரையில் வந்தது. பிரிண்டரிலிருந்து காகிதம் சூடாக வெளியே வந்தபோது, திருமலையில் எல்லா மணியும் ஒரே நேரத்தில் அடித்தது. பத்து நாள் கழித்து கௌரியின் சர்டிபிகேட் வந்தது. கமிட்டிக்காரர்கள் இப்போது பந்தியை ஷாமியானா போட்டு வெளியே வைக்கிறார்கள். மத்தியானத்தில் லாட்ஜ் வேலை முடித்து வரும் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. கைகளில் இன்னும் சோப்பு வாசனை இருக்கும், அப்படியே உட்கார்ந்து தட்டுவார்கள். கீபோர்டு ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

நான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி வருகிற ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மூலைக் கம்ப்யூட்டர் மேல் உன் துண்டை நானே போர்த்துவேன். சந்தனக் கிண்ணத்தோடு அதன் பக்கம் போக மாட்டேன். அன்று யார் எதற்காக வந்து நின்றாலும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

இனி உண்மை. இரண்டு லாரிச் சந்தனம் பொய். அது ஒரு கிண்ணம். ரயில் நிற்கவில்லை, விசிறி எதிர்ப்பக்கம் சுற்றவில்லை, பண்டிதர்கள் வரவில்லை. கீபோர்டு விஷயத்தில் ராஜம்மா சொன்னதுதான் சரி. ஆனால் நடுவே சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. அதை மட்டும் எடை மேடையில் வைத்து, கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். என் காதருகே அவள் சொன்ன அந்த ஒரு வரி. அது நிஜம் மச்சான்.

இப்படிக்கு,
மூலைக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் இதைத் தட்டி முடித்த,
கௌரியிடம் படிக்கும் உன் மச்சான்,
கோவிந்தன்