எடை குறையாத சேலையும் மூன்றாவது வழக்கும்

மாப்பிள்ளை,

நான் எழுதப்போகும் கதையை ஆரணியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். வந்தவாசிக்காரர்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாலும் நம்பமாட்டார்கள். நீ கேள். போய்ச் சேர்ந்த பிறகாவது குறுக்கே பேசாமல் இருப்பாய் அல்லவா.

இன்று காலை கடையில் ஒரு சேலையைத் தராசில் வைக்குமுன், மடிப்பைக் கன்னத்தில் ஒத்திப் பார்த்தேன். ஈரப் பட்டின் வாசனை. என் மகன் சிரித்தான். "எலக்ட்ரானிக் தராசுப்பா. இன்னும் யாரை சந்தேகப்பட்டுகினு இருக்கீங்க?"

உன் பேரைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, மாப்பிள்ளை.

நெய்கிறவர்களுக்குப் பட்டு நூலை எடைபோட்டுக் கொடுப்போம். சேலையாகி வந்ததும் மறுபடி எடைபோடுவோம். நூலில் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, குறைந்த எடையைத் தண்ணீர் தெளித்துச் சரிக்கட்டும் ஆசாமிகள் என் கன்னத்திடம் தப்பியதே இல்லை. கலசப்பாக்கத்தில் தூறல் போட்டால் ஆரணியில் என் கன்னம் சிலிர்த்துக்கொள்ளும்!

நீயோ இரண்டு முறை கஞ்சா விற்று மாட்டியவன். முதலில் அபராதம், அடுத்து ஆறு மாதம். வெளியே வந்து எங்கள் கடைக்கு நெய்தாய். உன் சேலைகளை மட்டும் மூன்று தடவை நிறுத்தேன், இரண்டு கன்னத்திலும் ஒத்தினேன். காய்ந்த பட்டு, சரியான எடை. ஒவ்வொரு முறையும் சரியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

"இன்னா மாமா, சேலைக்கு முத்தம் குடுக்கறீங்களா?" என்பாய்.

ஒன்றரை வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் மூன்றாம் முறை மாட்டினாய். கஞ்சாப் பொட்டலத்தை நிறுக்க எங்கள் தராசைத்தான் போலீஸ் இரவல் கேட்டது. நிறுத்தவன் நான். பழக்கதோஷம், அதையும் எடுத்துக் கன்னத்தில் ஒத்திவிட்டேன். ஏட்டு அலறினார். "யோவ், இன்னாய்யா பண்றே!"

இப்படித்தான் உனக்கு எதிராக அரசுத் தரப்பு சாட்சியானேன். எடையைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினேன். குற்றம் நிரூபணமானது. அதுவரை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியக்கூடாத பழைய தீர்ப்புகள் இரண்டையும் அதற்குப் பிறகுதான் எடுத்து வாசித்தார்கள். இதெல்லாம் நீதானா என்று கேட்டார்கள்.

"நான்தாங்க ஐயா. ரெண்டும் நான்தான்."

உன் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். இது என்ன புது நடிப்பு என்று நான் உன்னை உற்றுப் பார்த்தேன்.

அபராதத்திலும் திருந்தவில்லை, ஆறு மாதத்திலும் திருந்தவில்லை, மூன்று வருடம் கொடுங்கள் என்றார் அரசு வக்கீல். தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டுமா என்று மாஜிஸ்திரேட் உன்னைக் கேட்டார்.

"தறி நெய்ஞ்சிகினுதாங்க இருந்தேன். நடுவுல புத்தி கெட்டுப்போச்சு."

"நெய்ததற்கு யார் சாட்சி?"

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. மாமா வாயைத் திறக்கமாட்டார் என்று உனக்கும் என்மேல் சந்தேகம்.

அதன்பிறகு நடந்ததை டீக்கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நான் எழுந்து கர்ஜித்தேன், மின்விசிறி நின்றது, கூரையிலிருந்த காக்கைகள் செய்யாறு போய்த்தான் இறங்கின, மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார், மூன்று வருடம் ஒரு வருடமானது! நீ பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாய். ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பி வந்தும் எங்களுக்கே நெய்தாய். நானும் ஒத்துவதை விடவில்லை. "கன்னத்தைக் காட்டுங்க மாமா" என்று நீயே சேலையை நீட்டுவாய். கடைசிச் சேலைவரை ஈரம் இல்லை. வேறு ஏதோ வித்தை வைத்திருந்தாயோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

இப்போது உண்மை. அந்த அறையில் மின்விசிறியே கிடையாது. காக்கைகள் என்னைப் பொருட்படுத்தவில்லை. எழுந்து நின்றேன்.

"நீ அரசுத் தரப்பு சாட்சி அல்லவா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆமாங்க. பொட்டலம் நிறுத்ததும் நான்தான். இவன் சேலையை நிறுக்கறதும் நான்தான். நூல் முழுக்க இவன் வீட்லதாங்க கெடந்துச்சு, எடுக்கணும்னா எடுத்திருக்கலாம். ஒருநாளும் எடை குறைஞ்சதில்லீங்க."

அவ்வளவுதான் சொன்னேன், மாப்பிள்ளை. அதுவும் உனக்குக் கிடைத்த ஒரு வருடமும் மட்டும் நிஜம்.