அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

அப்பா,

மூடியைத் திருகியதும் இஞ்சி வாடை வந்தது. இந்த நோய் வந்தால் வாசனையே தெரியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிகிறது. எத்தனை வருஷமாகச் சாக்குக்குள் கிடந்த பாட்டிலோ, இன்னும் டீயும் இஞ்சியும் மணக்கிறது. நீங்கள் எதிரில் இருந்திருந்தால் உங்கள் கண் முன்னாலேயே அதைச் சுவரில் அடித்திருப்பேன். நீங்கள் இல்லை. அதனால் மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆமாம், எனக்கும் வந்துவிட்டது. போன வருஷம் நீங்கள் படுத்திருந்த அதே மாடி அறையில், அதே கட்டிலில் இன்று ஐந்தாவது நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, கீழே இறங்கத்தான் கூடாது. செல்போனை எவ்வளவு நேரம்தான் தடவிக்கொண்டிருப்பது? நேற்று சிலாப் மேல் கிடந்த உங்கள் சாக்கை இறக்கினேன். உங்கள் வேட்டி, சட்டை, செருப்பையெல்லாம் செல்வி அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டாள். பழைய பாட்டில்தானே என்று சாக்கை மட்டும் விட்டு வைத்திருந்தோம்.

சர்பத் பாட்டில், இருமல் மருந்துப் பாட்டில், தேன் பாட்டில், பிறகு பிளாஸ்டிக் வந்த காலத்துப் பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தட்டையான பிராந்தி பாட்டில். அதைப் பார்த்ததும் எனக்குப் பழங்காநத்தம் வீடு ஞாபகம் வந்துவிட்டது. தினமும் காலையில் அதில் தண்ணீர் பிடித்து டிரவுசர் பையில் செருகிக்கொண்டு, ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைக்கு வெல்டிங் வேலைக்குக் கிளம்புவீர்கள். தெருமுனையில் என்னோடு படித்தவன் கத்துவான்: "மாப்ள, ஒங்கப்பா காலையிலயே சரக்கத் தூக்கிட்டுப் போறாருடா!" உங்களுக்கும் அது கேட்கும். ஒரு நாளாவது திரும்பி அவனை முறைத்தீர்களா? இல்லை. நான்தான் அழுதுகொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். நாலு மணிக்கு எல்லாரும் டீக்கடையில் நின்று கிளாஸில் குடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பாட்டிலை நீட்டி அதில் டீயை ஊற்றச் சொல்லி, பட்டறைக்குள் வந்து தனியாக உட்கார்ந்து குடிப்பீர்கள். கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே போனாலும் பாட்டில். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்கு இதான்டா வசதி."

செல்வியைப் பெண் பார்க்க கே.கே. நகர் போன அன்றைக்கு அந்த வசதி என் மானத்தை வாங்கியது. அவளுடைய அப்பா வாத்தியார், தானே தட்டில் காபியை ஏந்திக்கொண்டு வந்து உங்கள் முன்னால் குனிந்து நின்றார். நீங்கள் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டு, ரெண்டு நிமிஷம் கழித்துப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தீர்கள். வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாரா தம்பி? நாங்களும் ஒங்க ஆளுகதானே?" என்று கேட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டிலேயே உங்களைத் திட்டினேன். "லூசா நீங்க?" என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி. நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

சரி, போன வருஷத்துக்கு வருகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வரவேண்டியிருக்கிறது.

உங்களுக்குக் காய்ச்சல் என்றதும் மாடி அறைக்கு அனுப்பினோம். தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர் என்று டாக்டர் சொன்னார். அதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை, அதற்காக நான் என்னை நொந்துகொள்ளவில்லை. ஆனால் டாக்டர் சொல்லாத ஒன்றையும் செய்தேன். கீழே இருக்கிற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதே என்று, செல்வியின் நெயில் பாலிஷை எடுத்து, உங்கள் எவர்சில்வர் டம்ளரின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். நானேதான் வைத்தேன், யாரும் சொல்லவில்லை. காய்கிற வரைக்கும் வாயால் ஊதினேன். அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"கோவிச்சுக்காதீங்கப்பா, இதுல மட்டும் குடிங்க. குடிச்சிட்டு நீங்களே கழுவி வெளிய வச்சிருங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். நீங்கள் டம்ளரைத் திருப்பி அடியைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "இதுவும் வசதிதான்டா" என்றீர்கள்.

ஒன்பது நாள். காலையும் மாலையும் மாடிப்படியில் டம்ளர் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பொட்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள்கூட நிமிர்ந்து இருந்ததில்லை, ஒரு நாள்கூட ஒரு பொட்டுக் காபி அடியில் ஒட்டியிருந்ததில்லை. "எங்கப்பா ஒரு தொந்தரவும் பண்ணல சார், அம்புட்டு டிசிப்ளின்" என்று ஆபீஸுக்குப் போன் போட்டு எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏறும்போதும் பாட்டிலை எடுத்துக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரி வாசலில், வெளிச் சாமான் எதுவும் உள்ளே கூடாது என்றார்கள். நீங்கள் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள். ரெண்டு நாள் கழித்து உங்களைச் சுற்றிக் கட்டித் தந்தார்கள். அந்த ரெண்டு நாளும் எதில் தண்ணீர் குடித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. குடித்தீர்களா என்றும் தெரியாது.

அன்றிலிருந்து அந்த டம்ளருக்கு எங்கள் வீட்டில் கொரோனா டம்ளர் என்று பெயர். அதில் யாரும் குடிப்பதில்லை, தூக்கிப் போடவும் இல்லை. இப்போது எனக்கு வந்திருக்கிறது. "உங்க டம்ளர்ல காபி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க" என்று செல்வி படியிலிருந்து குரல் கொடுப்பாள். குடித்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். நேற்று மத்தியானம் வரைக்கும் அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று சாக்கின் அடியில் துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடைத்தது. பிரித்தால் மண்பாண்ட ஓடுகள். எல்லாமே வட்டமான அடிப்பாகங்கள், குவளையின் அடி. ஒவ்வொன்றிலும் மங்கலாக ஒரு சிவப்புப் பெயிண்ட் பொட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் கீழடிக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாரா என்று நினைத்தேன். கட்டிலில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'எங்கப்பாவின் அகழ்வாராய்ச்சி' என்று கீழே எழுதினேன். சித்தப்பா பிள்ளைகள் சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள்.

பத்து நிமிஷத்தில் திருமங்கலத்திலிருந்து அத்தை கூப்பிட்டது. உங்கள் தங்கச்சி என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் படத்த மொதல்ல அழிடா."

"ஏன் அத்தை? பழைய ஓடுதானே?"

"ஓடா? அந்தப் பொட்டு என்னன்னு தெரியுமாடா ஒனக்கு?"

தெரியாது என்றேன். அத்தை சொன்னது.

"ஊருல காப்பிக்கடையில எல்லாருக்கும் மண்குவளதான். நமக்கும் அதேதான். நம்ம வாய் வச்சது மாறி அவய்ங்களுக்குப் போயிரக் கூடாதுல்ல? அதுக்குத்தான் நம்ம குவளைக்கு அடியில செவப்புப் பொட்டு. குடிச்சிட்டு நாமளே கழுவி, பொட்டு மேல தெரியிற மாதிரி கவுத்தி வைக்கணும். நிமுத்தி வச்சா வசவு விழும்."

அத்தை நிறுத்தவில்லை.

"எங்கண்ணனுக்கு அப்பப் பதினெட்டு வயசிருக்கும். ஒருநா என்ன நெனச்சுச்சோ, பொட்டு வச்சத மட்டும் ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டு ஒடச்சிருச்சு. மத்ததுல கை வைக்கல. சாயங்காலம் அம்புட்டுப் பேரும் வீட்டுக்கு வந்தாய்ங்க. அண்ணே வீட்டுல இல்ல. எங்கய்யாதான் இருந்தாரு. மகன் செஞ்சதுக்கு அவரக் கட்டிவச்சு அடிச்சாய்ங்கடா. மறுநாளே மதுரைக்கு வந்துட்டோம். எங்கய்யாவுக்கு வலது கை அதுக்கப்புறம் தூக்க வரல. அதப் பாத்ததுல இருந்து எங்கண்ணே எவன்கிட்டயும் எதுக்கும் சண்டைக்குப் போனதில்ல, எவன் குவளையிலயும் வாய் வச்சதும் இல்ல. இந்த ஓட்டப் பெறக்கி வச்சிருந்தது எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

"என்கிட்ட ஏன் அத்தை யாரும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நீ நல்லாப் படிச்சுக்கிட்டு இருந்த."

போனை வைத்துவிட்டுப் படியைப் பார்த்தேன். காலைக் காபி குடித்த டம்ளர், நான் கவிழ்த்து வைத்தபடியே, பொட்டு மேலே தெரிய இருந்தது.

அப்பா, உங்களுக்கு வாய் இல்லையா? நாம் யார், ஊரின் எந்தப் பக்கத் தெருவிலிருந்து வந்தோம் என்பது எனக்குத் தெரியாததா? பள்ளிச் சான்றிதழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு கடையில் ரெட்டை டம்ளர் என்று பேப்பரில் வந்தால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துவிட்டு, இவனுகளையெல்லாம் உள்ளே தள்ளவேண்டும் என்று குதிப்பேன். நீங்கள் 'ம்' என்பீர்கள். ஒரு 'ம்'. அந்த 'ம்'முக்குப் பின்னால் தாத்தாவின் கை இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் ரோட்டில் நின்று உங்களை லூசு என்றிருப்பேனா? அந்த நெயில் பாலிஷைக் கையில் எடுத்திருப்பேனா?

அந்தக் கடைக்காரன் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அங்கே இப்போது பேக்கரி இருக்கிறதாம், அத்தை சொன்னது. அவனைத் திட்டுவது சுலபம். உங்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்பது நாளும் கவிழ்த்து வைத்தீர்களே, எனக்குக் காட்டினீர்களா? மகனே பார், நீயும் வைத்துவிட்டாய் என்று சொன்னீர்களா? இல்லை, உடம்பு முடியாமல் கிடந்தபோது கை பழைய பழக்கத்தில் தானாகச் செய்ததா? இதில் எது என்று தெரியாமல் நான் எப்படித் தூங்குவேன்? ஊரையே எதிர்த்து உடைத்த ஆள், பெற்ற மகன் வைத்த டம்ளரை அவன் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டாமா? எறிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். நீங்களும் அன்றைக்காவது சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் செய்யாததை நான் செய்தேன். டம்ளரை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தேன். மண்ணாக இருந்தால் உடைந்திருக்கும். இது ஓரத்தில் நெளிந்து, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. சத்தம் கேட்டு செல்வி ஓடிவந்து, "என்னங்க, மயக்கமா? கீழ விழுந்துட்டீங்களா?" என்று கதவுக்கு வெளியே பதறினாள். கதவைத் திறக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்காருவது கேட்டது. பிறகு, "எங்கப்பாவுக்கு இத இன்னைக்கே சொல்லணுங்க, இத்தன வருஷமா மாமாவத் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள். உள்ளேயிருந்து தலையை ஆட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்காது.

பொட்டை அழித்துவிடவா என்று இன்று காலையில் கேட்டாள். வேண்டாம் என்றேன். கீழே போனதும் அந்த நெளிந்த டம்ளர் எல்லா டம்ளர்களோடும் அதே அலமாரியில், நிமிர்ந்தே இருக்கும். இனிமேல் எனக்குக் காபி அதில்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எதிரிலும் அதில்தான் குடிப்பேன். ஏன் இந்த நெளிந்த டம்ளர், அடியில் என்ன சிவப்பாக என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

கேட்டால், வசதி என்று சொல்லமாட்டேன்.