பங்கேற்காத நீதிபதி

சிகாகோ,
மார்ச் 3

மதிப்பிற்குரிய நீதிபதி ஸ்கார்ஸ்டாட் அவர்களுக்கு,

மாநில உச்ச நீதிமன்றத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அமர்ந்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். பிரிவுபசார விழாவில் உங்கள் நேர்மையைப் புகழ்ந்தவர்கள் அனைவரும் ஒரே வழக்கைத்தான் சான்று காட்டினார்களாம்: என் நண்பன் வெண்டல் ரூக் மீதான கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் உங்கள் மகனுடைய நண்பன் என்பதால் நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். எஞ்சிய ஆறு நீதிபதிகள் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். சரிபாதியானால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிற்கும் என்பது உங்கள் மன்றத்தின் விதி. ஆயுள் தண்டனை நின்றது. இருபத்தாறு ஆண்டுகளாக நிற்கிறது.

மே 9 அன்று மன்னிப்பு வாரியம் அவனுடைய மனுவைக் கேட்கிறது. வக்கீல் வேண்டும் என்று அவன் கேட்ட பிறகும் பதினோரு மணி நேரம் விசாரித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்களைத் தடுக்க இப்போது எந்தப் பதவியும் இல்லை.

இப்படிக்கு,
நீல்ஸ் ஸ்கார்ஸ்டாட்


எல்க் ஃபோர்டு,
மார்ச் 15

அன்பு மகன் நீல்ஸுக்கு,

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். ‘நீதிபதி அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தாலும் இரண்டு முறை படித்தேன்.

இங்கே பனி இன்னும் உருகவில்லை. பதவியேற்ற வாரமே மெயின் தெரு காபிக் கடைக்குப் போவதை நிறுத்தியவன் நான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய வழக்கு என்றைக்கு என்னிடம் வரும் என்று சொல்ல முடியாது. உன் அம்மா போன பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. போன செவ்வாய்க்கிழமை துணிந்து அந்தக் கடைக்குப் போனேன். சோள விலையைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். “வாங்க நீதிபதி ஐயா! டேய், தொப்பியக் கழட்டுங்கடா, கோர்ட்டு கூடிருச்சு” என்றான் டிராக்டர் கடை லைல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒருவரும் எனக்காக நாற்காலியை நகர்த்தவில்லை.

வெண்டல் விஷயத்தில் என்னால் எழுத முடியாது. ஒதுங்கிய வழக்கைப் பற்றி நீதிபதி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஒதுங்கியதற்கே பொருளில்லை.

ஈஸ்டருக்கு வருவாயா? பன்றித் தொடை வாங்கிவைக்கிறேன். தனி ஆளுக்கென்று சின்னதாக யாரும் விற்பதில்லை.

உன் அப்பா


சிகாகோ,
ஏப்ரல் 8

நீதிபதி அவர்களுக்கு,

ஈஸ்டரன்று சிறைக்குப் போய் வெண்டலைப் பார்த்தேன். அவன் உங்களைத்தான் விசாரித்தான். “உங்கப்பா எப்பிடிடா இருக்காரு? ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுச் சாப்பாட்டுல உருளைக்கிழங்குத் தட்ட எனக்குத்தான் முதல்ல தள்ளுவாரு. அதுக்கு இருபத்தாறு வருஷம்னா, விலை கொஞ்சம் ஜாஸ்திதான்டா” என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கல்லூரி அறைத்தோழர் வாதாடிய வங்கி வழக்கில் நீங்கள் ஒதுங்கவில்லை. உங்களோடு வாத்து வேட்டைக்கு வருபவரின் நில வழக்கிலும் ஒதுங்கவில்லை. விசாரணைக்கு முன்பே ஏழு நீதிபதிகளும் தத்தம் கருத்தை ஒரு குறிப்பாக எழுதிச் சுற்றுக்கு விடுவது உங்கள் மன்றத்தின் வழக்கம். இதை நீங்களே உணவு மேசையில் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வெண்டலின் வழக்கிலிருந்து நீங்கள் ஒதுங்கியதோ விசாரணை நாளின் காலையில்.

ஒரே ஒரு கேள்வி. மற்ற ஆறு குறிப்புகளையும் படித்த பிறகுதானே ஒதுங்கினீர்கள்?

நீல்ஸ் ஸ்கார்ஸ்டாட்


எல்க் ஃபோர்டு,
ஏப்ரல் 21

நீல்ஸ்,

ஆம்.

ஆறும் என் மேசையில் இருந்தன. மூன்றுக்கு மூன்று. வாக்குமூலம் செல்லாது என்பதே என் கருத்து. ஏழாவது குறிப்பை அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். அந்த நவம்பரில், நான் பதவியில் நீடிக்கலாமா கூடாதா என்று மாநில மக்கள் வாக்களிக்க இருந்தார்கள். மகனின் கூட்டாளியைத் தப்பவிட்டவன் என்று பேசுவார்களே என்று பயந்தேன். ஒதுங்கினால் நேர்மையானவன் என்பார்கள். அப்படியே சொன்னார்கள். தலைமை நீதிபதி என் தோளைத் தட்டி, “நல்ல வேளை, தப்பிச்சிட்டே ஆர்லன்” என்றார். அன்று மாலையே அந்தக் குறிப்பை அடுப்பில் போட்டேன்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, கையொப்பமிட்டு, வாரியத்துக்கு அனுப்பிவிட்டேன். பொதுவில் படிக்கலாம் என்றும் குறித்திருக்கிறேன். அதன்பின் ஊரில் எவரும் என்னோடு பேசப்போவதில்லை. இப்போதும் பேசுவதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. நீ பேசினால் போதும்.

அப்பா


சிகாகோ,
மே 29

அப்பா,

உங்கள் கடிதத்தை வாரியத்தில் உரக்கப் படித்தார்கள். போன வாரம் ஆளுநர் கையெழுத்திட்டார். நேற்றுக் காலை வெண்டல் வெளியே வந்தான்.

காரில் ஏறியதும் அவன் கேட்டது உங்களைப் பற்றித்தான். “பாவம்டா மனுஷன், ஒண்டியா கிடப்பாரு. இந்த ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்றான். மன்னிப்பது அவனுடைய உரிமை. அதில் நான் தலையிட முடியாது.

நான் வரமாட்டேன். விதிக்குக் கட்டுப்பட்டு மனத்தைக் கல்லாக்கிக்கொண்ட மனிதர் என்று எண்ணியே இத்தனை ஆண்டுகளும் உங்களை வெறுத்தேன். அந்த வெறுப்புக்குள் ஒரு மதிப்பு இருந்தது. அதற்கும் இப்போது வழியில்லை.

அவனுடைய பேருந்து பகல் ஒன்று நாற்பதுக்கு எல்க் ஃபோர்டு வந்து சேரும். ஊர் மாறிப்போய்விட்டது, அவனுக்கு வழி தெரியாது. நிறுத்தத்துக்கு நீங்களே போய் நில்லுங்கள்.

நீல்ஸ்