ஹூக்காத் தண்ணீரில் ஜெல்லி உருண்டை

தை 19, திங்கள்

காலையில் கடும் பனி. என் ஃபேன்ஸி கடை ஷட்டர் பூட்டெல்லாம் ஈரம். சிதம்பரம் தெற்கு வீதியே துடைக்காத மூக்குக்கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

இன்றைய வேலை: வளையல் அட்டை அடுக்க. கல்யாண மேசை ஜாடிகளுக்குத் தண்ணீரில் ஊதும் ஜெல்லி உருண்டை எடுத்து வைக்க. மீசைக்குச் சாயம் (மனைவி கலா உத்தரவு).

பதினொரு மணிக்குக் கடலூரிலிருந்து சேகர் போன். கலாவின் தம்பி. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை.

"மாமா, நீ சொன்ன ஐட்டம் மூணு பாக்கெட் எடுத்து வையி. க்ளோ ஸ்டிக் நாலு. மினுக்குத் தூளும்."

"நான் என்ன சொன்னேன்?"

"இன்னா மாமா, ஹூக்காவுல போடச் சொன்னியே!"

சொன்னேன். பொங்கலன்று. சேகர் தன் நண்பன் துபாயிலிருந்து வாங்கி வந்த ஹூக்காவை, தண்ணீர் வழியே புகை இழுக்கும் அந்தச் சாதனத்தைக் காட்டி, கீழ்ப் பாட்டிலில் வெறும் தண்ணீர்தானே என்று வருத்தப்பட்டான். "என் கடையில் இருக்கிற அலங்காரச் சாமான் எல்லாவற்றையும் அதில் கொட்டு. நுரையீரலுக்கும் கொஞ்சம் கலையுணர்வு வரட்டும்" என்றேன். கிண்டல். முகத்தை மாற்றாமல் சொல்லும் பழக்கம். இந்த ஊரில் மாப்பிள்ளைத் தோழர்கள் வைக்கும் கேலி ஃப்ளெக்ஸ்களில் பாதிக்கு வாசகம் என்னுடையது. அதற்குச் சிரிக்கிறவர்கள் இதற்கு மட்டும் தலையாட்டியிருக்கிறார்கள். படித்த மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம்.

சேகருக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. இன்ஹேலர் இல்லாமல் பஸ் ஏற மாட்டான். புதன் மாலை அவன் வீட்டு மாடியில் நண்பர்கள், ஹூக்கா. வெள்ளி காலை தாலி கட்ட வேண்டும்.

"வேண்டாம்டா, ஆபத்து" என்றேன். ஐந்து நிமிடம் சிரித்தான்.

சரக்கு தருவதில்லை என்று முடிவு.

தை 20, செவ்வாய்

பனி குறைவு. பூதக்கண்ணாடி வைத்துச் சொந்தச் சரக்கைப் படித்தேன். பதினாறு வருடமாக விற்கிறேன், இன்றுதான் வாசிப்பு.

ஜெல்லி உருண்டை: "நச்சற்றது." அடுத்த வரி, "வாயில் போடக் கூடாது." பக்கத்தில் ஒரு குழந்தை படம், வாய் திறந்தபடி.

மினுக்குத் தூள்: "கைவினைக்கு மட்டும்." மூச்சு விடுவது கைவினையில் சேராது.

க்ளோ ஸ்டிக்: ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய். அது நொறுங்கினால்தான் வெளிச்சம். சிந்திய துளி கல்லா மேசையின் வார்னிஷைத் தின்றுவிட்டது.

நச்சற்றது என்றால் தொடுகிறவனுக்கு. எவனாவது இதன் வழியே புகையை உறிஞ்சுவான் என்று அச்சடித்தவன் கனவு கண்டிருக்க மாட்டான். எனக்கு இருப்பது போல மச்சினன் அவனுக்கு இல்லை.

மதியம் புவனகிரி போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். முழுக்கக் கேட்டார்.

"இதையெல்லாம் போட்டு யாரு சோதிச்சிருப்பாங்க? தெரியல. போடக் கூடாது, அவ்ளோதான். ஆனா எல்லாரும் தண்ணியில இன்னா போடலாம்னு கேக்கறீங்க. புகையைப் பத்தி எவனும் கேக்க மாட்டேங்கறான். வெறும் தண்ணியும் புகையைக் கழுவாது சார். இழுப்புக்காரனுக்கு ஹூக்காவே வேணாம்."

திரும்பி வந்து அட்டையில் எழுதிக் கடையில் மாட்டினேன்: "இவை பார்ப்பதற்கு. வாயில், மூக்கில், ஹூக்காவில் போடுவதற்கு அல்ல." மூன்று காலேஜ் பையன்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

கலா: "உங்க மூஞ்சிய வச்சிக்கினு நெஜத்தைச் சொன்னாலும் எவன் நம்புவான்?" பிறகு, அரிசியைப் புடைத்தபடியே, "ஏழு வயசுல ஒரு நாள் விடிய விடிய இழுத்துச்சி அவனுக்கு. நான்தான் முதுகத் தடவிக்கினு உக்காந்திருந்தேன்." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாளை நேரில் போகிறேன்.

தை 21, புதன்

வெயில். பையில்: வெள்ளைக் கைக்குட்டை 2, பலூனுக்குக் காற்றடிக்கும் பம்ப் 1, டாக்டர் எழுதித் தந்த சீட்டு. கடலூர் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே பயணம்.

நான் தராவிட்டால் என்ன, சில்வர் பீச் பொம்மைக் கடையில் வாங்கிவிட்டார்கள். மாடியில் பாட்டில் தயார். காலையில் போட்ட உருண்டைகள் ஊதி, உள்ளே இறங்கும் குழாயை நெருக்கிக்கொண்டிருந்தன. பச்சை வெளிச்சம், க்ளோ ஸ்டிக்கை வெட்டி ஊற்றியது. மினுக்கு. அழகாகத்தான் இருந்தது. கரி இன்னும் பற்ற வைக்கவில்லை.

"க்ளோ ஸ்டிக்கில் கண்ணாடி இருக்குமே?"

"வடிகட்டிட்டோம் மாமா" என்றான் துபாய் நண்பன்.

"எதில்?"

"டீ வடிகட்டியில."

"உங்க அம்மா டீ போடற வடிகட்டியா?" என்று சேகரைக் கேட்டேன். 

கரி வைக்கும் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பம்பைச் செருகினேன், புகைக்குப் பதில் காற்று. இழுக்கும் குழாய் முனையில் கைக்குட்டையைக் கட்டினேன். பக்கத்து ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அடித்தேன்.

"டேய், மாமா ஹூக்காவுக்குப் பர்த்டே கொண்டாடறாரு!"

"ஃப்ளெக்ஸ் வச்சிடலாம் மாமா!"

அடித்தேன். தோள்பட்டை வலிக்கும் வரை. பாட்டில் குமிழ்விட்டுக் கொதித்தது. பிறகு கைக்குட்டையை அவிழ்த்து விரித்தேன். நடுவில் பச்சை ஈரம், ஒரு ரூபாய் அகலம். அதில் வெள்ளிப் பொட்டுகள். எண்ணினேன், ஏழு.

எல்லாரும் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவில்லை.

"நெஜமாவா சொல்ற மாமா?"

"நெஜமா."

"சிரிக்காம சொல்றியே, அதான் டவுட்டு. எப்பவும் அப்படித்தான சொல்லுவ?"

"பொங்கலுக்குச் சொன்னது கிண்டல். தப்பு என்மேல. இது கிண்டல் இல்ல."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நகைச்சுவைக்கு விளக்கவுரை.

துபாய்: "அப்போ கழுவிட்டு வெறும் தண்ணி ஊத்திக்கலாம் மச்சான்." டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சீட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

சேகர்: "அக்கா இன்னா சொல்லுச்சி?"

"ஒண்ணும் சொல்லல. ஏழு வயசுல முதுகத் தடவினத மட்டும் சொன்னா."

அவன் எழுந்து குழாயைத் திருகிக் கழற்றினான். "ஜாஸ்தி சீன் போடறான் மாப்ள" என்று ஒரு குரல். கழற்றிக்கொண்டே இருந்தான். உருண்டைகளைச் சாக்கடையில் கொட்டப் போனான். அடைத்துக்கொள்ளும் என்று பையில் கட்ட வைத்தேன். வடிகட்டியும் அதே பையில்.

தை 22, வியாழன்

மண்டபத்தில் மேசை வேலை. தோள்பட்டைக்குத் தைலம். சேகர் வீட்டுக்குப் புது வடிகட்டி. அவன் அந்தப் பாட்டிலை நாலு தடவை கழுவிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான், "டெக்கரேஷனுக்கு" என்று. தண்ணீர், இரண்டு ரோஜா. வரவேற்பு மேசையில் வைத்தேன்.

தை 23, வெள்ளி

முகூர்த்தம் ஆறரைக்கு. ஹோமப் புகை மேடை முழுக்க. அதை நான் யோசிக்கவே இல்லை. ஐயரிடம் போய், "கொஞ்சம் குறைச்சிக்குங்க, மாப்பிள்ளைக்கு இழுப்பு" என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கலா எழுந்து வந்தாள். குறைத்துவிட்டார். சேகரின் பட்டுச் சட்டைப் பையில் இன்ஹேலர் புடைப்பு. மூன்று முடிச்சும் இருமல் இல்லாமல்.

சாப்பாட்டுக்கு முன் கீரப்பாளையத்துப் பெரியப்பா ஒருவர் ரோஜா பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கே. இன்னா ஜாடி இது?"

"ஹூக்கா பாட்டில்."

என் முதுகில் ஓங்கித் தட்டினார். "உம்ம வாயிருக்கே!"