பதின்மூன்று கட்டை ஓட்டம்

துணுக்காய்,
18.07.2004

அன்புள்ள மகன் சுஜிதனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் அம்மன் புண்ணியத்தில் பாயில் விழாமல் நடமாடுகிறோம். உன் சுகத்தைக் கேட்டு நான் எழுதவேண்டிய தேவை இல்லை, பெருவிரல் நகம் கறுத்ததில் இருந்து தொடைச்சதை இழுத்தது வரை நீயே மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். எட்டு வருடமாகக் கண்ணால் காணாத பிள்ளையின் கடிதம் என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். இலக்கம் குத்திய பெனியனோடு நீ நிற்கிற படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்க நீ அப்படி என்ன செய்துவிட்டாய். லண்டனில் காசு கட்டி ஓடப் போய், இடையில் நொண்டி, போர்வை போர்த்தி, ஓட முடியாதவர்களை அள்ளுகிற வான் வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறாய். ஆறுதலுக்கு ஒரு வாழைப்பழம் தந்தார்களாம். இங்கே வாழை காய்ந்து கிடக்கிறது, வந்து தண்ணீர் கட்டியிருந்தால் நான் குலையோடு தந்திருப்பேன்.

ஓட்டத்தைப் பற்றி எங்களுக்கே எழுதுகிறாய். நாங்கள் ஷெல்லுக்கு ஓடினோம், ஆமிக்கு ஓடினோம், வெள்ளத்துக்கும் ஓடினோம். பின்னால் கலைத்துக்கொண்டு வர ஒருவரும் இல்லாமல், தலையில் ஒரு சட்டி பானை இல்லாமல், ஆயிரம் பேர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒரே பக்கமாக ஓடுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அது உன் விருப்பம். ஆனால் சண்டை நின்று பாதை திறந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் விசா என்றாய், பிறகு வேலை மாறினேன் என்றாய், இப்போது லீவு முழுவதையும் ஓடிப் பழகுவதற்கு எடுத்து முடித்துவிட்டு, ஒக்டோபரில் மறுபடியும் ஓடப்போகிறேன், அதை முடித்தால்தான் தைக்கு ஊருக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். முடிக்காவிட்டால் வரமாட்டாயோ. பெற்றவர்களைப் பார்ப்பதற்கு மெடல் வேண்டுமென்று யார் சட்டம் போட்டது.

உன்னால் எனக்கு வந்த மரியாதையையும் கேள். அடுத்த வளவு விமலேஸ்வரி, தன் மருமகன் ஒரே மூச்சில் கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்த கதையை என் முற்றத்தில் நின்று அளந்துகொண்டிருந்தாள். அவளின் வாயை அடைக்கவேண்டும் என்று நான் உன் ஓட்டத்தைச் சொன்னேன். ஓட்டம் இருபத்தொன்று, பதினாறில் நின்றுவிட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். இந்த ரோட்டில் நாங்கள் மைல் கல்லைக் கட்டை என்கிறோம், தூரத்தையும் கட்டையால்தான் அளக்கிறோம், ஆகவே என் மகன் இருபத்தொரு கட்டை ஓடப் போய்ப் பதினாறு கட்டை ஓடியவன் என்று சொல்லிவிட்டேன். வவுனியாவில் இருந்து மோட்டார்சைக்கிளில் சேலை கொண்டுவருகிற நவ்பர் அங்கே சேலைகளை விரித்துக்கொண்டிருந்தான். அவன் மெல்ல, "அம்மா கோவிக்காதேங்கோ, உங்கட மகன் சொல்லுறது கிலோமீற்றரா இருக்கும். இருபத்தொரு கிலோமீற்றர் எண்டா பதின்மூண்டு கட்டைதான். மாங்குளச் சந்தியில இருந்து உங்கட வீட்டுப் படலைக்கு என்ர மீற்றர் அவ்வளவுதான் காட்டுறது" என்றான். கடிதத்தை எடுத்துப் பார்த்தால் கி.மீ. என்று எறும்பு மாதிரி எழுதியிருக்கிறாய். விமலேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் பயந்திட்டன் அக்கா, இருபத்தொரு கட்டை எண்டா பெடியன் வெள்ளாங்குளம் போய்க் கடலுக்கையெல்லோ இறங்கியிருப்பான்" என்று சிரித்தாள். அன்றைக்கு நான் சேலை வாங்கவில்லை.

சேலைகளை மடிக்கும்போது நவ்பரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். மாங்குளத்தில் இருந்து பதினாறு கிலோமீற்றர் என்றால் எந்த இடம் என்று. "மல்லாவிச் சந்தியம்மா" என்றான். அப்போது விமலேஸ்வரியும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தக் கணக்கில் நீ மல்லாவி வரைக்கும் வந்திருக்கிறாய், வீட்டுக்கு மூன்று கட்டைதான் இருந்திருக்கிறது, வானில் ஏறித் திரும்பிப் போய்விட்டாய். அன்று வைத்த கறிக்கு நான் உப்புப் போடவில்லை. அப்பா அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

முதல் ஐந்து கிலோமீற்றரை இருபத்திரண்டு நிமிடத்தில் ஓடியதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். சனம் கைதட்டியதாம், கால் பறந்ததாம். கைதட்டியவர்கள் பிறகு வந்து உன் தொடையைப் பிடித்துவிட்டார்களோ. மூன்று கட்டைக்கு இருபத்திரண்டு நிமிடம் என்றால் கட்டைக்கு ஏழு. அது முழுத்தூரம் ஓடுகிறவன் ஓட்டம் இல்லை, களவெடுத்தவன் ஓட்டம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வகுத்தல் கணக்கு நானே பழகியது, பிழை என்றால் நீ திருத்து. போன கிழமை அப்பாவின் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, சைக்கிளை பஸ்ஸின் மேல் ஏற்றி மாங்குளத்தில் இறங்கி வீட்டுக்கு மிதித்தேன். கட்டைகளில் பாதியைச் சண்டையில் பங்கர் கட்டப் பிடுங்கிவிட்டார்கள், மிச்சத்துக்குப் பக்கத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிறது, நவ்பர் மீற்றர் பார்த்துச் சொன்ன இடங்களை அடையாளம் வைத்துத்தான் வந்தேன். முதல் நாள் உன் மேல் இருந்த கோபத்தில் மிதித்துவிட்டு மல்லாவியில் இறங்கி உருட்டினேன். அதற்குக் காரணம் எதிரே அடித்த சோளகக் காற்று, உன்னைப் போல் அவசரம் இல்லை. இரண்டு நாள் விட்டு, அதே காற்றில், முதல் மூன்று கட்டைக்கும் வேண்டுமென்றே ஆறுதலாக, மெல்ல மிதித்து வந்தேன். விமலேஸ்வரியின் மருமகன் என்னை முந்திக்கொண்டு போனான். போகவிட்டேன். படலை வரை இறங்கவில்லை.

ஆகவே எழுதி வைத்துக்கொள். இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கத்தானே ஆசைப்படுகிறாய். முதல் மூன்று கட்டைக்கும் கட்டைக்குப் பத்து நிமிடம், கிழவிகள் முந்தினாலும் முந்தட்டும். அடுத்த ஏழுக்கும் ஒன்பது நிமிடம். பத்தாம் கட்டை மல்லாவிக்கு ஒரு மணி முப்பத்துமூன்று நிமிடம் ஆகவேண்டும், அதற்கு முன் வந்துவிட்டால் நீ பிழை விட்டுவிட்டாய் என்று அர்த்தம். மிச்சம் இருபத்தேழு நிமிடத்தை வீட்டுக்கு வைத்துக்கொள். வான் நின்றால் ஏறாதே. ஓட முடியாவிட்டால் நட, நடப்பதற்கு வெட்கப்படுகிறவன் எனக்குப் பிறக்கவில்லை.

முடித்தாலும் முடிக்காவிட்டாலும் தைக்கு வா. அப்பாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, எழுதவேண்டாம் என்றார், எழுதிவிட்டேன். வற்றாப்பளை அம்மன் உன் கால் இரண்டையும் காப்பாற்றட்டும். குளிருக்குத் தலையை மூடு, வெறும் வயிற்றோடு ஓடாதே. நீ வருகிற அன்று நான் மாங்குளத்துக்கும் வரமாட்டேன், மல்லாவிக்கும் வரமாட்டேன். படலைக் கொளுக்கி பழைய இடத்தில்தான் இருக்கிறது, கையை உள்ளே விட்டு நீயே திற.

இப்படிக்கு,
உன் அம்மா
க. கமலாசனி