நான்காவது தட்டு

ஜனவரி 9

அரசியலமைப்புத் திருத்தக் குழுவின் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுமக்கள் யோசனை சொல்லலாம் என்று வானொலியில் சொன்னீர்கள். சொல்கிறேன்.

நான் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகன் ராணுவத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. நட்பு நாடுகளோடு நம் அரசு போட்ட கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, போன ஆகஸ்டில் அவனுடைய பிரிவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த நாடு என்று சொல்லவில்லை. மாதம் ஒரு கடிதம் வருகிறது. உறையில் ஊர் இல்லை, ஒரு எண் மட்டும். முகாம் அலுவலகத்துக்கு நாலு தடவை போனேன். "ஒப்பந்த ரகசியம்மா, எங்களுக்கே தெரியாது" என்றார் அங்கிருந்த அதிகாரி. தெரியாதவருக்கு எதற்கு இத்தனை பெரிய மேஜை என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கே குளிரா வெயிலா என்றுகூட எனக்குத் தெரியாது. கம்பளிச் சட்டை அனுப்புவதா வேண்டாமா என்று ஐந்து மாதமாக யோசிக்கிறேன்.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடப்போகிறவனின் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? என் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான் என்னைக் கேட்காமல் ஒரு கையெழுத்துப் போட்டாள். அவளோடு பேச்சை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. நாட்டோடு பேச்சை நிறுத்த முடியாதே. அதனால் எழுதுகிறேன்.

புதிய சட்டத்தில் இரண்டு வரி சேருங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பும் முன் நாடாளுமன்றத்தைக் கேளுங்கள். அனுப்பிய பின், எங்கே என்று பெற்றவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிப்பாயின் தாய்
(விலாசம் உறையின் பின்புறம்)


பிப்ரவரி 20
மனு எண் 4117

அன்புடையீர்,

தங்கள் மனு கிடைத்தது. நன்றி. குடும்பத் தகராறு பற்றியதாக இருப்பதால் அது 'பொருளுக்கு அப்பாற்பட்டது' என வகைப்படுத்தப்பட்டு, நான்காவது தட்டில் சேர்க்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

மனு வாசிப்புப் பிரிவு

அக்கா,

மேலே இருப்பது அச்சடித்தது. இது நான் கைப்பட எழுதுவது.

ஒரு வருஷமாக நான் இந்தக் குழுவில் மனு வாசிக்கிறேன். கல்லூரி நூலகத்திலிருந்து என்னை இரவல் வாங்கியிருக்கிறார்கள். உரிமைகள் முதல் தட்டு, நீதிமன்றம் இரண்டாவது, பாதுகாப்பும் ஒப்பந்தங்களும் மூன்றாவது, எதிலும் சேராதது நான்காவது. ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், பெயரையும் விலாசத்தையும் நீக்கித் தட்டச்சு செய்துதான் எங்களிடம் தருவார்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது. இன்று பதில் உறைகளில் விலாசம் எழுதுவது என் முறை. உன் கடை விலாசத்தைப் பாதி எழுதிய பிறகுதான் கை நின்றது.

உன் மனுவில் முத்திரை குத்தியது நான்தான். எனக்குத் தெரியாது அக்கா. மன்னித்துவிடு.

நம் பிள்ளை நெட்டையன் எப்படி இருக்கிறான்? எனக்கும் எழுதிக்கொண்டிருந்தான், ஆகஸ்டோடு நின்றுவிட்டது. மாதம் ஒன்றுதான் அனுமதி என்றால் அது உனக்கு வருவதுதான் நியாயம்.

உன் தங்கை


பிப்ரவரி 28

உயர்திரு மனு வாசிப்பாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் மேலான பதில் கிடைக்கப்பெற்றேன்.

பெயரை நீக்கினார்கள், சரி. விலாசத்தை நீக்கினார்கள், அதுவும் சரி. 'என்னைக் கேட்காமல் ஒருத்தி கையெழுத்துப் போட்டாள்' என்ற வரியை நீக்கவில்லையே? அதை வாசித்துமா தங்களுக்குத் தெரியவில்லை? அவனைப் பட்டாளத்தில் சேர்க்கத் தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டீர்கள். இப்போது அவனைத் தேடும் கடிதத்தைத் தள்ளிவைக்க ஒரு முத்திரை. நல்ல ராசியான கை.

நெட்டையன் நலமாம். அப்படித்தான் எழுதுகிறான். வேறு எதை எழுதினாலும் கறுப்பு மையால் அடித்துவிடுகிறார்களே, பாவம், அவன்தான் என்ன செய்வான்?

இப்படிக்கு,
மனு எண் 4117


மார்ச் 6

அக்காவுக்கு,

நீ கேட்டது சரி. தெரியாது என்று எழுதினேன், அது பொய். அந்த வரி வந்ததும் எனக்குள் சுருக்கென்றது. ஒரு நிமிஷம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். நிற்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாக முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அன்று மாலை கை கழுவும்போது விரலில் முத்திரை மை இருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்போதும் ஏன் என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவனுக்கு அப்போது பதினேழரை. படிவத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று இருந்தது. நூலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றான். "சித்தி, அம்மா போட மாட்டாங்க. நீங்களும் போடலைன்னா ஆறு மாசம் கழிச்சு நானே போட்டுக்குவேன். ஆனா அப்ப வீட்ல பெரிய சண்டை போட்டுட்டுத்தான் போவேன்" என்றான். சண்டையைத் தவிர்க்கிறோம் என்று நினைத்துப் போட்டேன். உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. பெரிய பெரிய ஒப்பந்தங்களையும் இந்தக் காரணத்துக்காகத்தான் கேட்காமல் போடுகிறார்களோ என்று, மனுக்களை வாசிக்க வாசிக்கத் தோன்றுகிறது.

இங்கே ஒரு விதி உண்டு. வாசித்தவர் தன் முத்திரையைத் திரும்பப் பெறலாம். மனுதாரர் உறவு என்றால் அதை எழுத்தில் கொடுத்துவிட்டு வாசிப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். நேற்று எழுதிக் கொடுத்தேன்: 'மனுதாரர் என் உடன்பிறந்த அக்கா. நான் தவறாக முத்திரையிட்டேன்.'

எங்கள் பிரிவுத் தலைவிக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்தப் பேச்சையும் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். நேற்று கொஞ்சம் கூடுதலாகவே பேசினார்.

"இதைக் குடுத்தா உங்கள உறை ஒட்டுற மேஜைக்கு மாத்தணும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சரி. போறதுக்கு முன்னாடி நாலாம் தட்டு மொத்தத்தையும் இங்க கொண்டாந்து வெச்சிட்டுப் போங்க."

தட்டு என்பது சும்மா பேச்சுக்கு. பதினொரு அட்டைப் பெட்டிகள். தூக்கி வைத்துவிட்டு உறை ஒட்டப் போனேன். இப்போது நாக்கெல்லாம் பசை.

தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

'மனுதாரர் என் உடன்பிறந்த அக்கா' என்றா எழுதிக் கொடுத்தாய்? அதுவும் ஆபீஸில்? நான் மூன்று வருஷமாக யார் கேட்டாலும் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் விற்க வருகிறவரிடம்கூட, அவர் கேட்காமலே சொன்னேன்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அவன் போனதற்காக எனக்குக் கோபம் இல்லை. அவனுடைய ஒரு கால் எப்போதோ வாசலுக்கு வெளியே போய்விட்டது, எனக்குத் தெரியாதா? சண்டை போட்டிருப்போம், நான் அழுதிருப்பேன், கடைசியில் நானே கையெழுத்துப் போட்டு, போய்விட்டு வாடா என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல விடாமல் செய்துவிட்டாய். அவன் கிளம்பியபோது நான் கடையின் உள்ளறையில் ஒரு ஃபிரேமுக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வரவே இல்லை. அது உன் தப்பு மட்டும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

இன்னொன்று. உன் எழுத்து பெரிதாகிவிட்டது. வரி வேறு மேலே ஏறுகிறது. கண்ணாடி இல்லாமல்தானே நூற்றைம்பதையும் வாசித்தாய்? நாற்பத்தைந்து வயதில் என்ன வீம்பு?

உறையைத் தண்ணீர் தொட்டு ஒட்டு.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உறை ஒட்டும் மேஜைக்காரிக்கும் ஒரு நல்லது நடந்தது. குழுக் கூட்டத்தில் தாள்களை விநியோகிக்க ஆள் வேண்டும் என்றார்கள். அதனால் கடைசி வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

நாலாம் தட்டை நாலு பேர் மறுபடி வாசித்திருக்கிறார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் உன்னுடையதைப் போல இருந்தன. மனைவிகள், அப்பாக்கள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எல்லாருமே எங்கே என்றுதான் கேட்டிருந்தார்கள். முத்திரை குத்தியது நான் மட்டும் இல்லை என்பது ஆறுதலா, வருத்தமா, சொல்லத் தெரியவில்லை. முற்றுப்புள்ளி எழுந்து, "ஒரு மனு தப்பான தட்டுல விழலாம். அறுநூறு விழுந்தா, தட்டுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாதுகாப்புத் துறைக்காரர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. ஓட்டெடுத்துவிட்டு வருகிறோம் என்றால் ஆபத்தில் இருக்கும் நட்பு நாடு காத்திருக்குமா? நாமும் நாளைக்கு அவர்களைக் கூப்பிட வேண்டியவர்கள்தானே? அதற்கு மேல், "எங்க இருக்காங்கன்னு வெளிய சொன்னா எதிரிக்கும் தெரிஞ்சிடும்" என்றார். அரங்கம் அவர் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. அப்போது, கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தம்மா கம்பளிச் சட்டை அனுப்பவா வேணாமான்னு கேக்கறாங்க. அஞ்சு மாசமா! இதுல என்னங்க ராணுவ ரகசியம்?"

சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களே அந்தத் தாளைக் கைமாற்றி வாசித்தார்கள்.

ஓட்டெடுத்தார்கள். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு எட்டு. உன் முதல் வரி பாதிதான் வந்திருக்கிறது: அவசரமென்றால் அரசு அனுப்பலாம், ஆனால் பதினான்கு நாளுக்குள் நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அழைக்க வேண்டும். இரண்டாவது வரி முழுதாக வந்துவிட்டது. எந்த நாடு என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே போனவர்களுக்கும் பொருந்தும். இனி மக்கள் வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும். அக்டோபரில்.

கண்ணாடி வீம்பு இல்லை அக்கா. உன் கடையைத் தவிர வேறு கடைப் படி ஏற மனசு வரவில்லை. உன் கடைப் படி ஏறத் தைரியம் வரவில்லை.

அன்புடன்,
தங்கை


நவம்பர் 2

தங்கைக்கு,

வாக்குச்சாவடியில் என் பெயரைத் தேடியவரின் கண்ணாடியில் ஒரு கால் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பட்டியலைத் தடவிக்கொண்டிருந்தார். வரிசை தெருமுனை வரை நின்றது. "குடுங்க சார்" என்று வாங்கி, கைப்பையிலிருந்த திருப்புளியால் முடுக்கிக் கொடுத்தேன். "எவ்வளவும்மா?" என்றார். "என் பேரக் கண்டுபிடிங்க, அது போதும்" என்றேன். பின்னால் நின்றவர் கைதட்டினார்.

நூற்றுக்கு ஐம்பத்துமூன்று பேர் ஆதரவு என்று வானொலியில் சொன்னபோது கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எண்கள் எழுதிய கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதிவுத் தபால் வந்தது. ஒரே பக்கம். அவனுடைய எண், பிரிவு, அதற்குக் கீழே ஒரு நாட்டின் பெயர். அவன் பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இருக்கிறது. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் நாக்கு ஒத்துழைத்தது. குளிர் நாடு. அன்றைக்கே சட்டையை அனுப்பிவிட்டேன். மடிப்புக்குள், அவன் கிளம்பிய அன்று நான் சொல்லாமல் விட்டதை ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். கறுப்பு மை அடித்தாலும் அவனுக்குப் புரியும்.

எந்த நாடு என்று இங்கே எழுத மாட்டேன். குடும்பத்தினரைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது, எழுத்தில் கூடவே கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு படிவம். தெரிந்துகொள்ள உரிமையுள்ள குடும்பத்தினர் யார் யார் என்று ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் என்னை எழுதினேன். இரண்டாவதில் உன்னை. உறவு: சித்தி. உன்னைக் கேட்காமல்தான் எழுதினேன். இப்போது இரண்டு பேரும் சமம்.

உன் பெயருக்கு நேரே உன் கையெழுத்து வேண்டும். தபாலில் அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பின்கதவு திறந்திருக்கும். முதலில் கண்ணைப் பார்த்துவிடுவோம். அட்லஸில் அந்தப் பெயர் ரொம்பப் பொடி எழுத்து. கண்ணாடி இல்லாமல் உனக்குத் தெரியாது.

அக்கா