தாத்தாவின் காலித் தட்டு

குட்டியின் அப்பாவுக்கு,

அன்புடன் எழுதுவது. போனில் பேசினால் அழுதுவிடுவேன். அங்கே உங்களுக்கு வேலையில் கை ஓடாது. பதறாதீர்கள், மாமா நலம். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

குளியலறையில் மயங்கி விழுந்தார் என்று மட்டும்தானே சொன்னேன்? மீதியைக் கேளுங்கள். போன லீவில் குட்டியைப் பார்த்து, "என்னடி, பீப்பா மாதிரி உருள்றே?" என்று சிரித்தீர்கள். அது என் மண்டையில் ஏறிவிட்டது. அவள் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். நம் தையல் கடையில், துணி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே, டேப்பை எடுத்து அவள் இடுப்பை அளந்தேன். சீருடை இறுக்குகிறது என்றாள். தையலைப் பிரிக்க முடியாது, நீ இளைத்துக்கொள் என்றேன். ஆளுக்கேற்றபடி துணியைத் திருத்துகிறவள், துணிக்கேற்றபடி பிள்ளையைத் திருத்தப் போனேன் பாருங்கள்!

மாமாவோ மெலிந்துகொண்டே வந்தார். அவர் தட்டில் மட்டும் குவித்து வைத்தேன். நான் கடைக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தால் தட்டு காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சத்துக் குறைந்துதான் விழுந்தார் என்று டாக்டர் சொன்னபோதும், "என் மாமனார் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார்" என்று மல்லுக்கு நின்றேன். பக்கத்தில் நின்ற குட்டி ஓவென்று அழுதுவிட்டாள். "நான்தாம்மா தாத்தா சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ரொம்பப் பசிச்சுதும்மா" என்றாள். மாமா படுத்தபடியே, "அவளைத் திட்டாதம்மா. ரெண்டு வாயிலேயே எனக்கு நெறஞ்சிடுது. நான்தான் அவ பக்கம் தள்ளிவிட்டேன்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயிறு காலியானால் 'கொண்டா' என்று ஒரு ஹார்மோன் மூளைக்குச் சொல்லுமாம். உடம்பிலுள்ள கொழுப்பு 'கையிருப்பு இருக்கு' என்று இன்னொன்றை அனுப்புமாம். வலுக்கட்டாயமாகச் சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டாவது தணிந்து, முதலாவது இன்னும் கத்துமாம். அவள் பெரியவளாகப் போகிற வயது. உடம்பு கேட்கத்தான் செய்யும். மாமா வயதிலோ 'போதும்' என்பது குடலிலிருந்து சீக்கிரமே வந்துவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டுமாம். ஒரே வீட்டில் பசித்தவளைப் பட்டினி போட்டு, பசிக்காதவருக்குத் திணித்திருக்கிறேன். இரண்டையும் அக்கறை என்று நினைத்துக்கொண்டு செய்தேனே, அதுதான் என்னை அறுக்கிறது.

மாமா இப்போது கிண்ணத்தில் கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுகிறார். குட்டிதான் தட்டைத் தொடுவதில்லை. தாத்தாவை விழவைத்தது தான்தான் என்கிறாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சிப் பார்த்துவிட்டார். சீருடையை இடுப்பில் பிரித்துத் தைத்துக் கொடுத்து, மன்னித்துவிடு கண்ணு என்று அவள் கையைப் பிடித்தேன். "பரவாயில்லம்மா" என்றாள். அப்புறம் மெதுவாக, "அப்பா வர்றதுக்குள்ள எளச்சிடுவேன்ல?" என்று கேட்டாள்.

அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்ததும் அவளைப் போனில் கூப்பிடுங்கள். இளைத்தாயா என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். சாப்பிட்டியா கண்ணு என்று கேளுங்கள். அவள் தட்டை எடுத்து வரும்வரை போனை வைக்காதீர்கள். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா